பேர் போடாத சிவப்புக் கோடு

பிறிஜெற்: ஸ்கூல் விட்டு ஒரு மணித்தியாலம் ஆச்சு, ரபீக்கா டீச்சர். இன்னும் அந்தக் கம்பியூட்டரோட மல்லுக்கட்டிறீங்களோ?

ரபீக்கா: வாங்க டீச்சர், வாங்க. இந்த வருஷ டைம் டேபிளை என்ட தலைல கட்டிட்டாங்களே... கணக்கு டீச்சர்ண்டா இதும் வருமாம். நாளைக்குக் காலைல பிரின்சிபல்ட மேசைல ஈக்கணும்.

பிறிஜெற்: எவ்வளவில நிக்குது?

ரபீக்கா: நிக்கிறதா? படுத்துக் கிடக்குது! புது ப்ரோக்ராம், "கொன்ஸ்ட்ரெயின்ட் போடு, கொன்ஸ்ட்ரெயின்ட் போடு"ண்டு கேக்குது. சரிண்டு நானும் எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்தேன், அவங்கவங்கட கொன்ஸ்ட்ரெயின்டை எழுதுங்கண்டு. ஸ்ரீஸ்கந்தராசா சேர் என்ன எழுதீக்கிறார் தெரியுமா?

பிறிஜெற்: என்ன?

ரபீக்கா: "மனைவி".

பிறிஜெற்: ஐயோ மாதாவே! ...மனுசன் பொய் சொல்லேல்லை.

ரபீக்கா: சிரிக்காதீங்க. இங்கிலீஷ் டீச்சர் நீங்கதானே, அர்த்தம் செல்லிக் குடுத்தீக்கணும்.

பிறிஜெற்: அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தமோ இருக்கு? ஒருத்தரைப் பிடிச்சுக் கட்டி வைக்கிறதும் அதுதான். நேரம் காணாது, இடம் காணாது எண்டிறதும் அதுதான். விருப்பமில்லாத ஒண்டைச் செய்ய வைக்கிறதும் அதுதான். பிறகு, மனசில இருக்கிறதைச் சொல்ல வெக்கப்பட்டு விறைச்சுப்போய் நிப்பம் பாருங்கோ... அதுக்கும் அதேதான்.

ரபீக்கா: ...அதுக்குமா?

பிறிஜெற்: ஓம். ஏன், முகம் ஒரு மாதிரிப் போகுது?

ரபீக்கா: ஒண்டுமில்ல, பசி. அது சரி... நீங்களும் அந்தச் சொல்லத்தான் எழுதினீங்களாமே?

பிறிஜெற்: எதில?

ரபீக்கா: ட்ரான்ஸ்ஃபர் லெட்டர்ல. ஆபீஸ்ல கதைக்கிறாங்க. ஏழு வருஷமா கேட்டுக் கேட்டு, கடைசில கொட்டாஞ்சேனைல உங்கட வீட்டுக்குப் பக்கத்து ரோட்டு ஸ்கூல் கிடைச்சா... "தனிப்பட்ட கொன்ஸ்ட்ரெயின்ட்"ண்டு எழுதி, வேணாம்ண்டு குடுத்தீங்களாம். என்ன அது?

பிறிஜெற்: ஆபீஸுக்கு வேற வேலை இல்லை.

ரபீக்கா: நடந்தா அஞ்சு நிமிஷம், டீச்சர்! இங்க வெள்ளவத்தைக்கு வர ரெண்டு பஸ்.

பிறிஜெற்: கடற்காத்து உடம்புக்கு நல்லதாம்... டொக்டர் சொன்னவர்.

ரபீக்கா: எந்த டொக்டர்?

பிறிஜெற்: டைம் டேபிளைப் பாருங்கோ டீச்சர்!

ரபீக்கா: சரி, சரி, கோவிக்காதீங்க. இதப் பாருங்க. மஞ்சள் கோடு எண்டா முடிஞ்சாச் செய். சிவப்பு எண்டா கட்டாயம், அசைக்க ஏலாது. அஸ்கா டீச்சருக்குக் கைப்பிள்ளை, கடைசிப் பீரியட் வேணாம். சரி வந்திச்சு. வேலுசாமி சேர் உச்சி வெயில்ல பிள்ளைகள கிரவுண்டுக்கு எறக்க மாட்டார். அதும் சரி. எல்லார்டயும் முடிஞ்சு, இப்ப ரெண்டு சிவப்புதான் ஒண்டோட ஒண்டு முட்டுது. ஒண்டு நிண்டா மத்தது போகணும்.

பிறிஜெற்: ஆற்றை ரெண்டு?

ரபீக்கா: ஒண்டு உங்கட. திங்கக்கிழமை முதலாம் பீரியட் வேணாம்ண்டீங்களே.

பிறிஜெற்: ஓமோம். திங்கள் காலமை அந்த பஸ்ஸில ஏறி வாறதெண்டா சீவன் போற வேலை. அதை விட ஏலாது. மற்றது?

ரபீக்கா: மத்ததுல... பேர் போடல்ல.

பிறிஜெற்: பேரில்லையோ? பிறகென்ன யோசினை, தூக்கி எறியுங்கோ.

ரபீக்கா: எறியவா?

பிறிஜெற்: பேர் போட நேரமில்லாத ஆளுக்கு ஒரு சிவப்புக் கோடு! மௌஸை அமத்துங்கோ.

ரபீக்கா: ...சரி. எறியிறேன்.

பிறிஜெற்: விரல் அங்கேயே நிக்குது, டீச்சர்.

ரபீக்கா: அது... இந்த மௌஸ் கொஞ்சம் இறுக்கம்.

பிறிஜெற்: பொறுங்கோ, இந்த முகத்தை நான் கண்டிருக்கிறன். பதினொரு வருசமா மீன் வைச்ச மாலு பணிஸை ரெண்டாப் பிய்ச்சு, மீன் இருக்கிற பக்கத்தை எனக்குத் தந்திட்டு, "எனக்கு மீன் அவ்வளவா பிடிக்காது" எண்டு சொல்லுவீங்களே, அதே முகம். ஆற்றை கோடு இது?

ரபீக்கா: எனக்கு மெய்யாவே மீன்...

பிறிஜெற்: ரபீக்கா!

ரபீக்கா: ...என்ட.

பிறிஜெற்: உங்கடயோ?

ரபீக்கா: வியாழக்கிழமை நாலாம் பீரியட். உங்களுக்கும் எனக்கும் ஒண்டா ஃப்ரீ. இவ்வளவு காலமும் அது தானா விழுந்திச்சு. கன்டீன் பணிஸும் என்ட ஃப்ளாஸ்க் பிளேன்டீயுமா, பின் படில குந்திக்கொண்டு ரயில் போறதப் பாத்துக் கதைப்போமே... இந்த வருஷம் தானா விழல்ல. டைம் டேபிள் போடுற ஆள், தனக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டா என்ன நெனப்பாங்க? அதான் பேர் போடல்ல.

பிறிஜெற்: எனக்குச் சொல்லியிருக்கலாமே.

ரபீக்கா: வெக்கம், டீச்சர்! இந்த வயசில போய், "உங்களோட இருந்து பணிஸ் தின்ன ஆசை"ண்டா செல்றது? பாருங்க, அந்தப் பீரியட் உங்களுக்கு ஃப்ரீயா இருந்தா பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் திங்கக்கிழமை முதலாவதுக்குத் தாவுது. நீங்க விடிய அஞ்சு மணிக்கு பஸ் ஏறணும். வேணாம். நானே எடுத்துடறேன், அது ஒண்டும் பெரிய...

பிறிஜெற்: மௌஸில இருந்து கையை எடுங்கோ.

ரபீக்கா: டீச்சர்...

பிறிஜெற்: என்ரை தாளில கடைசி வரி வெட்டிக் கிடந்ததே, பாக்கேல்லையோ?

ரபீக்கா: பாத்தேன்... பிழையா எழுதி வெட்டினதுண்டு நெனச்சேன்.

பிறிஜெற்: பிழையும் இல்லை, ஒண்டுமில்லை. எனக்கும் வெக்கம். இப்ப திங்கக்கிழமைக் கோட்டை அழியுங்கோ. அஞ்சு மணி பஸ்ஸில இருக்கச் சீற்றாவது கிடைக்கும்.

ரபீக்கா: பைத்தியமா உங்களுக்கு? அரைப் பணிசுக்கு ஆராச்சும் அஞ்சு மணி பஸ் ஏறுவாங்களா?

பிறிஜெற்: வீட்டுக்குப் பக்கத்தில கிடைச்ச ஸ்கூலையே வேண்டாம் எண்டவளுக்கு அஞ்சு மணி பஸ் ஒரு பஸ்ஸோ? லெட்டர்ல எழுதின கொன்ஸ்ட்ரெயின்ட் என்னெண்டு கேட்டனீங்கள்தானே... வியாழக்கிழமை நாலாம் பீரியட்தான், ரபீக்கா.