கழுத்து மெலிந்த திருகு

இந்த நாற்காலியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. வாக்குமூலம் எழுதுகிறவர் வருவதற்குள் யாராவது இதை முடுக்கிவிட்டால் நல்லது. ஆடுகிற எதன்மேலும் என்னால் உட்கார முடியாது. அது என் சுபாவம்.

என் பெயர் தினகரன். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில், செயற்கைப் பல்லுக்குத் திருகு செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர். தாடை எலும்பில் டைட்டானியத்தில் ஒரு வேர் புதைப்பார்கள். அதன்மேல் பல்லைப் பிடித்து நிறுத்துவது என் திருகு. என் திருகு என்று சொல்வதில் தவறில்லை. கழுத்தை மெலிய வைத்தால் ஒடுங்கிய தாடைக்கும் பொருந்தும் என்று வரைந்து காட்டியவன் நான்தான். உடைந்துவிடும் என்று மீட்டிங்கில் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடையாது என்று நிரூபிக்க ஒரு மெஷின் உண்டு. திருகைச் சாய்வாகப் பிடித்து, மெல்லுகிற மாதிரி நாள்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்துக் கரண்ட் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் அழுத்தம் எகிறிவிடும், டெஸ்ட் பாழ். மறுபடி முதலிலிருந்து. தூக்கமே போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி திவ்யா மெல்லுகிற சத்தம்தான் காதில் விழும். அப்படி ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், வாய்க்குக் கரண்ட் கட் கிடையாதே என்று தோன்றியது.

கம்பெனி நடத்திய இலவசப் பல் முகாமுக்குப் போன பெட்டிகளில் என் திருகுகளை மாற்றி வைத்தேன். டாக்டருக்குத் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள்தான் முகாமுக்கு வந்தார்கள். நல்ல பலமான தாடைகள். திவ்யாவுக்கும் ஒரு பல் வைக்க வேண்டியிருந்தது. அவளுக்கு வெளிநாட்டுத் திருகு வரவழைத்தேன். அவள் கடினமாக எதுவும் சாப்பிடமாட்டாள், டெஸ்டுக்கு உதவமாட்டாள். அதனால்தான்.

பாக்கியமேரி எங்கள் நிலத்தில் களை எடுக்கிறவள், அந்த முகாமில் என் திருகோடு பல் வைத்துக்கொண்டவள். வாரந்தோறும் அவள் வீட்டுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போவேன். எதிரே உட்கார்ந்து, அவள் மெல்லுவதைக் கேட்பேன். இப்படி வீடு தேடி வந்து விசாரிக்கிற முதலாளி உண்டா என்று அவள் தெருவே பேசியதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"சார், பல்லு ஆடிக்கினே கீது. இன்னான்னு கொஞ்சம் பாரு சார்."

டாக்டருக்குப் போன் போடட்டுமா என்று அவள் மகள் ஷீபா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திருகு தளர்ந்தால் பாரமெல்லாம் அதன் கழுத்தில் இறங்கும். அது எனக்குத் தெரியும். முடுக்குகிற சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது, ஒரு நிமிட வேலை. ஆனால் முடுக்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஐயா. தளர்ந்த பிறகும் தாங்கினால் சிரித்தவர்கள் வாயை மூடுவார்கள்.

"ஒண்ணும் இல்ல பாக்கியம். அந்தப் பக்கமே நல்லா மெல்லு, தானா செட் ஆயிடும்" என்று முறுக்கை நீட்டினேன். அவள் என்னை நம்பி, அந்தப் பக்கமே மென்றாள்.

சின்னச் சத்தம்தான். திருகின் கழுத்து முறிந்து, பல் அதன் தலையோடு மூச்சுக்குழாயில் போய் அடைத்தது. அவள் இரண்டு கையாலும் தரையை அடித்தாள். ஷீபா அவள் முதுகில் குத்திக்கொண்டே, "வண்டிய எடு சார், வண்டிய எடு" என்று கத்தினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உடைந்த நேரம் தெரியாவிட்டால் எந்த டெஸ்டும் முழுமையாகாது. அதைக் குறித்துக்கொண்டு பிறகுதான் காரை எடுத்தேன். உத்திரமேரூர் வரும்போது அவளிடம் அசைவில்லை.

நான் கொன்றுவிட்டேன் என்று ஷீபா எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அந்தத் திருகை நான் தொடக்கூட இல்லையே. ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. அவளிடமிருந்து எடுத்த துண்டை யாரும் தேய்த்துக் கழுவிவிட வேண்டாம். உடைந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த முகாமுக்குள் கழுத்தைச் சரிசெய்துவிடுவேன்.