வண்டுப் போரில் நேசம் காத்த கல்யாணசுந்தரி அம்மையாருக்கு

லிங்கி ஆற்றின் இரு கரைத் தோட்டங்களையும் ஒற்றைப் பார்வையால் அடக்கிய அம்மையீர்! கணினிக்கே கண்டிப்புக் கற்பித்த கல்யாணசுந்தரியாரே! தட்டச்சு ஒலியால் துரைமார்களைத் துயிலெழுப்பிய தூயவரே! வணக்கம்.

இன்று பணி ஓய்வு பெறும் தாங்கள் முப்பதாண்டுகள் தலைமைக் கிராணியாக, கணக்கும் கடிதமும் எழுதி, இரு தோட்டத்துக்கும் பொதுவான இந்த அலுவலகத்தைத் தாங்கினீர்கள். தாங்கள் விடுப்பில் போன நாள்களில் கட்டடம் சற்றே சாய்ந்ததை, இம்மடலை எழுதும், சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் வண்டுப் போரை மறக்க முடியுமா? ஆட்டுக்கிடா அளவுக் காண்டாமிருக வண்டுகள் இளஞ்செம்பனைகளின் குருத்தைக் குடைந்து தின்றன. கன்றுகள் செத்தால் இரு தோட்டங்களையும் வீடமைப்புக்கு விற்றுவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அப்புறம் நமக்குக் குடியிருக்க லயம் ஏது, வேலை ஏது? ஆகவே இக்கரை மேல்தோட்டமும் அக்கரை ஆற்றுத்தோட்டமும் நேச நாடுகளாயின. ஆனால், வண்டு முட்டையிடும் மக்கிய மரங்கள் எதிர்த்தோட்டத்தில்தான் கிடக்கின்றன என்று இரண்டும் சாதித்தன!

தலைமையகம் ஒரு கணினியை அனுப்பியது. வண்டு வித்தை முழுவதும் அதற்கு அத்துப்படி. வண்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது கேட்கும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்றால் தீர்ப்புச் சொல்லும்.

"மக்குன மரம் கெடக்கா?" என்று அதன் கேள்வியைத் தாங்கள் கேட்டீர்கள். "ஒன்னுகூட இல்லக்கா, கோயில் மாதிரி சுத்தம்லா!" என்றார் மேல்தோட்டத்தில் வேலையாள்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி. ஆற்றுத்தோட்டத்து மண்டோர் வீரமுத்துவும் அதையே சத்தியம் செய்தார். இரு தோட்டத்திலும் வண்டு இருக்க வாய்ப்பே இல்லை என்று தீர்ப்பளித்தது கணினி!

மற்றவராயின் அதை உதைத்திருப்பார். தாங்களோ, "அவர் தோட்டத்துக்கு நீங்க சொல்லுங்க, ஒங்க தோட்டத்துக்கு அவர் சொல்லட்டும்" என்றீர்கள். ஆகா, என்ன ராஜதந்திரம்!

"அவங்க ஆத்தோரம் மலையாட்டம் குமிஞ்சி கெடக்குக்கா!" என்றார் சன்னாசி.

"ஒங்க மேட்டுக்காட்டுல மட்டும் என்னவாம்? பாம்புகூட மூக்கப் பொத்திக்கிட்டுதான்லா போவுது!" என்றார் வீரமுத்து.

இரு தோட்டத்துக்கும் சமமாகக் குற்றம் சாட்டியது கணினி. மறுநாளே இரு தரப்பும் சேர்ந்து மரங்களைப் பிளந்து புழுக்களை ஒழித்தன. குருத்துகள் தப்பின, நம் கூரைகளும் தப்பின.

வெற்றி விருந்தில் அல்லவா மெய்யான போர் மூண்டது! முதல் இலை எந்தத் தோட்டத்துக்கு? வண்டுக் கணினி அதற்கு வாய் திறக்குமா? இரு தரப்பும் துண்டை உதறிக்கொண்டு எழுந்த வேளையில், தாங்கள் போய் முதல் இலையில் அமர்ந்து, "பசிக்குதுலா, சோத்தப் போடுங்க" என்றீர்கள்.

"என்னக்கா இது அநியாயம்!" என்று மண்டோர்கள் இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். அன்று தங்களைத் திட்டுவதில் ஒன்றுபட்டவர்கள் இன்றுவரை பிரியவில்லை.

அம்மையீர்! ராசா ஊரிலுள்ள தங்கள் இல்லத்தில் நோய் நொடியின்றி நூறாண்டு கடந்தும் வாழ்க! மாதம் ஒருமுறையேனும் வந்து இரு தோட்டத்தாருக்கும் நன்றாக எரிச்சலூட்டிச் செல்க! இல்லையேல் நாங்கள் மறுபடியும் ஒருவரையொருவர் திட்டத் தொடங்கிவிடுவோம்.

தங்கள் அன்பில் அடங்கிய,
மேல்தோட்ட, ஆற்றுத்தோட்ட ஊழியர்கள்
1993

எழுத்து: திருநாவுக்கரசு, ஓய்வு பெற்ற கிராணி