முப்பத்தெட்டாவது படம்

வேகா நட்சத்திரத்தைப் படம் எடுக்கப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம் சார். இருட்டும் பொறுமையும் போதும். பொறுமை என்னிடம் எப்போதும் உண்டு. இருட்டுக்குத்தான் மச்சான் குறுக்கே நின்றார்.

என் மனைவியின் அண்ணன். மூன்றாம் மாடியில் எங்களோடுதான் இருந்தார். கோடையில் வேகா உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து மொட்டைமாடிக்கு வருவார். விளக்கைப் போடுவார். மூலையில் நின்று ஒரு சிகரெட். நானோ முப்பது விநாடிக்கு ஒன்றாக அறுபது படம் எடுத்து, அத்தனையையும் ஒரே படமாக அடுக்குகிறவன். நடுவில் விளக்கு எரிந்தால் எல்லாம் பாழ்.

"மச்சான், அரை மணி நேரம் பொறுங்களேன்."

"நட்சத்திரம் என்ன பஸ்ஸா மாப்ளே, விட்டா போயிடுறதுக்கு? நாளைக்கும் அங்கயேதான் கிடக்கும். போய் உன் பொண்டாட்டி மூஞ்சியப் படம் எடு, அவளாவது சந்தோஷப்படுவா."

நாலு இரவு இதே கதை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பல்பைக் கழற்றினேன். மாடி நடுவே, குளியலறைகளுக்குக் காற்று வர ஒரு குழி உண்டு. கீழ்த்தளம் வரை போகும். அதை மூடியிருந்த பலகையின் மேல்தான் மச்சான் தினமும் மூலைக்கு நடப்பார். அந்தப் பலகையை எடுத்து முக்காலிக்கு அடியில் போட்டுக்கொண்டேன். கேமரா ஆடக் கூடாது பாருங்கள்.

முப்பத்தெட்டாவது படம் ஓடும்போது வந்தார். சுவிட்சை இரண்டு தடவை தட்டினார். "இதுவும் போச்சா" என்றார். பிறகு பழகின கால் தானாக நடந்தது.

அந்த ஒரு படம் மட்டும் லேசாக அதிர்ந்துவிட்டது.

கீழேயிருந்து "மாப்ளே... மாப்ளே..." என்று குரல் வந்தது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடியது, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எனக்கு இன்னும் இருபத்திரண்டு படம் பாக்கி, பதினோரு நிமிடம். செல்போனை எடுத்தால் திரை வெளிச்சம் படத்தில் ஏறிவிடும். ஐம்பதாவது படத்தோடு குரல் நின்றது. அறுபதும் முடிந்தபின் பல்பை மாட்டினேன், பலகையைக் குழியோரம் போட்டேன், கீழே போய்ப் படுத்தேன்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன் என்று உங்களிடம் சொன்னது பொய்தான். ஆனால் வானியல் சங்கப் போட்டியில் ஒவ்வொரு படத்துக்கும் நேரம் எழுதித் தர வேண்டும். அங்கே பொய் எழுத மனசு வரவில்லை. அதை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள்.

பலகையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மாடித் தரை நல்ல கான்கிரீட் சார். முக்காலிக்குப் பலகை தேவையே இல்லை. அவர் விழட்டும் என்றுதான் எடுத்தேன்.

என் மனைவி என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்கள். முப்பத்தெட்டை நீக்கிவிட்டேன். அவள் அண்ணனால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்தால், மனசு ஆறிவிடுவாள்.