இருபத்தைந்து நாளில் மக்கும்

வெல்லத்தைக் கரைத்த தண்ணீர் நன்றாக ஆறிய பிறகுதான் கடலை மாவும், வைக்கோலை மக்கவைக்கும் பூஞ்சை மாத்திரையும் போட வேண்டும், இன்ஸ்பெக்டர் சாகிப். சூட்டில் போட்டால் பூஞ்சை செத்துவிடும். நான் எதையும் அவசரப்பட்டுச் சாகடிக்கிறவன் இல்லை.

இந்த அறுவடையில் எங்கள் ஊரே குருத்வாராவில் நின்று, நெல் தாளைக் கொளுத்துவதில்லை என்று சத்தியம் செய்தது. என் பங்காளி குர்தித்தா மட்டும் வரவில்லை. அவன் வயல் என் வயலுக்கு அடுத்தது. மூன்று வருடத்துக்கு முன் அவன் மூட்டிய புகையில்தான் என் மனைவி ஹர்பன்ஸ் இருமி இருமிப் போனாள்.

அன்று மதியம் தீப்பெட்டியோடு வந்தான்.

"அண்ணே, நீ காளானைக் கும்பிட்டுக்கிட்டு இரு. எனக்குக் கோதுமை விதைக்கணும்."

"இருபத்தஞ்சு நாள் பொறுடா."

"பொறுத்தா அண்ணி எந்திரிச்சு வந்துருவாளா?"

கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே அடி. என் வைக்கோல் போரின் நடுவில் வைத்து மூடி, பூஞ்சைத் தண்ணீரைத் தெளித்தேன். அவனும் ஐம்பது வருடம் கோதுமை தின்று வளர்ந்த உடம்புதானே, சேர்ந்து மக்கிவிடுவான் என்று நினைத்தேன்.

ஊர் அவனைத் தேடியது. போர் நாளுக்கு நாள் இறங்கியது. ஒரு மேடு மட்டும் இறங்கவில்லை, போர்வைக்குள் முழங்காலை மடக்கிப் படுத்த மாதிரி.

வேளாண்மை அதிகாரி வந்து பார்த்தார். "நச்சத்தர் சிங்ஜி, அருமையா மக்கியிருக்கு! நாளைக்குப் பத்து ஊர்க்காரங்களைக் கூட்டியாந்து கிளறிக் காட்டப் போறேன்."

"இது எல்லாத்தையும் தின்னுருமா, தம்பி?"

"வைக்கோலை மட்டுந்தான். உங்களைத் தின்னாது, பயப்படாதீங்க."

அன்று இரவு போரடியில் போய் நின்றேன். குர்தித்தாவின் தீப்பெட்டி என் குர்தா பையிலேயே இருந்தது. மேலே காய்ந்த தாளைப் போட்டு ஒரு குச்சி கிழித்தால் முடிந்தது. மூன்று முறை கையில் எடுத்தேன். மூன்று முறையும் வைத்துவிட்டேன். குருவின் முன்னால் கொடுத்த வாக்கு.

மறுநாள் கிளறினார்கள். நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். மூடும்போது அவன் முனகினான். மூன்றாம் நாள்வரை போர் லேசாக அசைந்தது. நான் தினமும் தண்ணீர் தெளித்தேன், ஈரம் குறையக்கூடாது. ஆனால் ஒரு இழை புகை கிளம்பியதா, ஊரில் கேட்டுப் பாருங்கள். என்னால் ஒருத்தருக்கும் மூச்சுத் திணறவில்லை.