இங்கெலிஸுக்கு மட்டும் வேண்டாம்

மலேனா: அவங்களை மட்டும் எதுக்கு விடணும்?

பிரேபன்: விடுன்னா விடேன்... மத்த எல்லாருக்கும் போகுதுல்ல?

மலேனா: நம்ம காத்து நிலவர வெப்சைட்டுக்குக் கட்டின சந்தா முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தானா மெயில் போகணும், ஒருத்தர் பாக்கி இல்லாம. கூட்டத்துல நீங்களும்தான் தலையாட்டினீங்க.

பிரேபன்: ஆட்டினேன்... இல்லேங்கல.

மலேனா: இங்கெலிஸ் டாம்கார், ஃபோபோர் துறைமுகம். மாசாமாசம் சந்தா முடிஞ்சு போகுது, மறுநாளே திரும்பப் போடறாங்க. வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா மலிவாச்சே?

பிரேபன்: அவங்களுக்கு மறதி ஜாஸ்தி.

மலேனா: மறதிக்காரங்களுக்குத்தானே இந்த மெயிலே!

பிரேபன்: மெயிலெல்லாம் பார்க்க மாட்டாங்க. நானே போன் போட்டுச் சொல்லிடுவேன்.

மலேனா: நீங்களா? போன் அடிச்சா மேசைக்கடியில ஒளியற ஆளு!

பிரேபன்: படகுல போறவங்க, தாயே. நம்ம தளத்துல காத்து நிலவரம் பார்க்காமக் கிளம்பிட்டா உசுருக்கே ஆபத்து. அந்த அக்கறைதான்...

மலேனா: அந்த அக்கறையிலதான் போன் பண்றதுக்கு முன்னாடி தலை சீவிக்கறீங்களா?

பிரேபன்: யாரு... நானா?

மலேனா: உங்க அறைக்குக் கண்ணாடிக் கதவு, பிரேபன்.

பிரேபன்: நீ முதல்ல உன் வேலையைப் பாரு.

மலேனா: சரி, ஒரு மெயில் அனுப்பி சோதிச்சுப் பார்க்கறேன்... ஐயையோ!

பிரேபன்: என்ன? என்னாச்சு?

மலேனா: இங்கெலிஸுக்கே போயிடுச்சு.

பிரேபன்: அடிப்பாவி! திருப்பி இழு, சீக்கிரம்!

மலேனா: மெயில் என்ன தூண்டிலா, இழுக்க? விடுங்க. தப்பு பண்ணவங்க வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கேக் கொண்டு வரணும், அதானே நம்ம ஆபீஸ் வழக்கம்? கொண்டு வரேன்.

பிரேபன்: கேக்கை வெச்சு நான் என்ன பண்றது? இனி எதைச் சொல்லிப் போன் போடுவேன்? அந்தக் குரலைக் கேட்டாத்தான் எனக்கு மாசமே நகருது... எனக்கிருந்த ஒரே சாக்கு அது.

மலேனா: சும்மா பேசணும்போல இருந்துச்சுன்னு சொல்லுங்களேன்.

பிரேபன்: அவங்க காத்தைப் பத்திக் கேட்கத்தான் போனை எடுக்கறாங்க. என்னைப் பத்திக் கேட்கவா?

மலேனா: படகையே எப்பவோ வித்தாச்சு, பிரேபன்.

பிரேபன்: வித்தாச்சா?... உனக்கெப்படித் தெரியும்?

மலேனா: என் சித்தி அவங்க. "அந்த மனுஷன் எல்லாரையும் கூப்பிடறாரா, என்னை மட்டுமா, பார்த்துச் சொல்லுடி"ன்னு என் உசுரை வாங்கறாங்க. மெயிலும் போகல, ஒண்ணும் போகல. "என்னை மட்டும்தான்னா, வேணும்னே சந்தாவை விட்டது என் தப்பு, கேக்கோட நானே வரேன்"னு சொல்லியிருக்காங்க... வெள்ளிக்கிழமை தலையைச் சீவிட்டு வாங்க.