மாமாவின் ஆதரவு

மைசூரில் ஹெப்பாள் போகும் பேருந்தில் மூவர் இருக்கையில் நான்காவதாக ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கம்பெனிச் சட்டைக்காரர் தன் மச்சானிடம் கைப்பேசியை நீட்டினார்.

"பாரு, ஒரு நாட்டுத் தேர்தல்ல, இன்னாருக்குத்தான் ஓட்டுப் போடணும்னு இன்னொரு நாட்டுத் தலைவர் சொல்லியிருக்காரு. இவருக்கென்ன வேலை அங்க?"

"இவரு சொன்ன ஆளு தோத்துட்டாருங்களாம் மாமா."

"அது கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை உங்க ஊரு மார்டள்ளிக்கு வந்து உனக்கு ஓட்டுக் கேக்கறேன்."

மச்சான் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிறாராம். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"போன தடவையும் கேட்டீங்க. மைசூர்க்காரரு சொல்லித்தான் நாங்க போடணுமான்னு சனம் மாத்திப் போட்டுருச்சுங்க. இந்தத் தடவை நீங்க எதிராளிக்குக் கேளுங்க மாமா. நான் ஜெயிச்சுருவேன்."

இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. மாமா கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

மூன்றாவதில் கேட்டார்: "அவனுக்கு என்ன சின்னம்?"