கெட்டுப்போன பதிவுகள்

– இன்னொரு படிவம் மட்டும் கொடுத்துடாதீங்க, வெனெத்தா மேடம். மூணு எழுதியாச்சு. என் பொண்டாட்டி குரலைக் கொடுங்க, போயிடறேன்.

– உட்காருப்பா. முதல்ல எண் சொல்லு.

– போன வாரமே சொன்னேன். அவ பேரு ரலித்சா.

– கேளுப்பா, பேர் எனக்குத் தெரியவே கூடாது. ஆய்வுல யாருக்கும் பேர் கிடையாது. எண்தான்.

– அறுபத்திநாலு. மருந்துப் பெட்டி மேல ஒட்டியிருந்துச்சு.

– அறுபத்திநாலு… இருக்கு. வாராவாரம் ரத்தம், தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் குரல்.

– போனைக் கையில வெச்சுக்கிட்டு ஒரே மூச்சுல எண்ணுவா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. மூச்சு தீர்ற வரைக்கும். அதை வெச்சு நீங்க என்னதான் பண்ணீங்க?

– குரலை வெச்சே நுரையீரல் எப்படி இருக்கு, ரத்தம் எப்படி இருக்குன்னு சொல்ல முடியுமான்னு பார்க்கிறோம்.

– முடியுமா?

– இன்னும் முடிவு எழுதலைப்பா.

– அவ முடிவு வந்துடுச்சு. சனிக்கிழமை நாற்பதாம் நாள்.

– தெரியும்ப்பா. படையலுக்குக் கோதுமை அவிக்க ஆள் இருக்கா?

– மாமியார் இருக்காங்க. மேடம், பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தலை. உனக்காக நான் மூணு கடிதம் எழுதிட்டேன். எங்க வக்கீல் நேத்துதான் பதில் போட்டார். படிக்கட்டுமா?

– படிங்க.

– 'பதிவின் நகலைக் கேட்கும் உரிமை அந்தக் குரலுக்கு உரியவருக்கு மட்டுமே உண்டு. இறந்தவருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. கணவருக்கும் இல்லை.'

– அப்ப அவளே நேர்ல வந்து கேட்டாக் கொடுப்பீங்க.

– சட்டப்படி, ஆமா.

– நாற்பது நாள் வரைக்கும் ஆத்மா வீட்டைச் சுத்தும்னு மாமியார் சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க அனுப்பி வைக்கவா?

– இப்படியெல்லாம் பேசாதேப்பா.

– வேற எப்படிப் பேசறது?

– உன் போன்ல அவங்க குரல் ஒண்ணுகூடவா இல்ல?

– எழுதித்தான் அனுப்புவா. பேசினா இருமல் வரும்.

– கல்யாண வீடியோ?

– முழுக்கக் கிளாரினெட் வாத்தியச் சத்தம். அவ வாயசைக்கிறது தெரியும். என்ன சொல்றான்னு கேட்காது.

– அடக் கடவுளே.

– வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அழிச்சுடுவீங்கன்னு சொன்னீங்க. இன்னைக்குப் புதன்.

– ஆய்வு மூடுற தேதி அதுதான். எண்கள் மட்டும் தங்கும், குரல் எதுவும் தங்காது. என் கையில இல்லப்பா அது.

– சரி. பசை இருக்கா?

– பசை எதுக்கு?

– அவ படம் போட்டு நாற்பதாம் நாள் அறிவிப்பு அச்சடிச்சாச்சு. எங்க வீட்டு வாசல்ல ஒட்டினேன், அவ வேலை பார்த்த மருந்துக்கடையில ஒட்டினேன், டிராம் நிறுத்தத்துல ஒட்டினேன். ஒண்ணு மிச்சம். உங்க கதவுல ஒட்டிட்டுப் போறேன்.

– ஐயோ, வேண்டாம்ப்பா! சிகிச்சைக்கு வர்றவங்க நடமாடுற இடம். பார்த்தா பயந்துடுவாங்க.

– பயப்படட்டும்.

– கொடு இங்க, முகத்தையாவது பார்க்கறேன்… இவங்களா? இவ்வளவு சின்னப் பொண்ணா?

– இருபத்தொன்பது. நீங்க பார்த்ததே இல்லையா?

– இல்ல. பதிவு சுத்தமா இருக்கான்னு கேட்டுப் பார்க்கறது மட்டும்தான் என் வேலை. ஒவ்வொரு நாள் பதிவையும் நான்தான் கேட்டேன்.

– நீங்க கேட்டிருக்கீங்க.

– எல்லாத்தையும்.

– அவ குரலை நீங்க கேட்கலாம். வக்கீல் கேட்கலாம். சுவிட்சர்லாந்துல உங்க மருந்துக் கம்பெனிக்காரன் எவனோ ஒருத்தன் கேட்கலாம். நான் கேட்கக் கூடாது!

– மெதுவாப்பா, பக்கத்து அறையில ஆள் இருக்கு.

– ஏழு மாசம்! தினம் ஏழு மணி அடிச்சா சூப்பை அப்படியே வெச்சுட்டு உங்களுக்கு மூச்சு கொடுத்தா! எனக்கு ஒரு வார்த்தை பேச மிச்சம் வெச்சாளா? நாசமாப் போக உங்க ஆய்வு!

– இரு. இன்னொரு தடவை சொல்லு.

– என்னது?

– கடைசியாக் கத்தினியே, அதை.

– நாசமாப் போக.

– நீயா! குடைமிளகாய்க்காரன்!

– என்ன சொல்றீங்க?

– 'நாசமாப் போற மிளகாய், கை வெந்துபோச்சு'ன்னு கத்தினது நீதானே? நாலு தடவை வந்திருக்க, ஒரு தடவையும் வாய் திறந்து பேசலியேப்பா. முணுமுணுத்தா எனக்கு எப்படித் தெரியும்?

– செப்டம்பர்ல குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்க வீட்ல குடைமிளகாய் சுடுவோம். தோல் உரிக்கறது என் வேலை. அதெல்லாம் எப்படி உங்களுக்கு…

– பதிவுல விழுந்திருக்கு. வேற ஆள் குரல் விழுந்தா அது கெட்டுப்போன பதிவு. ஆய்வுக்கு ஆகாதுன்னு தனியா ஒதுக்கிடுவோம். அறுபத்திநாலுக்கு முப்பத்தெட்டு பதிவு கெட்டுப்போச்சு.

– அதையும் நான்தான் கெடுத்தேனா.

– அட மரமண்டை, கேளுப்பா! அந்த முப்பத்தெட்டுல இருக்கறது உன் குரல். உன்கிட்ட நாங்க அனுமதி வாங்கலை. நீ உயிரோட இருக்க. உன் குரலோட நகலைக் கேட்க உனக்கு உரிமை இருக்கு.

– என் குரலை வெச்சு நான் என்ன பண்றது?

– ரெண்டு குரலும் ஒரே பதிவுல இருக்கு. பிரிச்சுக் கொடுக்க எங்ககிட்ட வசதி இல்ல.

– வக்கீல் தடுப்பார்.

– இறந்தவங்களுக்கு எந்த உரிமையும் இல்லன்னு அவர்தானே எழுதியிருக்கார். அப்ப அவங்க பேரைச் சொல்லித் தடுக்கவும் முடியாது. இந்தா.

– இது என்ன?

– படிவம். நாலாவது. முறைக்காதே, கையெழுத்துப் போடு.

– …போட்டாச்சு.

– தேதியும் போடு.

– மேடம், அந்தப் பதிவுல அவ என்ன சொல்றா?

– எண்ணுறாங்க. ஒரு நாள் பதினொண்ணோட நிக்குது. நீ பின்னாடியிருந்து, 'பன்னெண்டு மறந்துபோச்சா, உன் பள்ளிக்கூடத்துல அதுவரைக்கும்தான் சொல்லிக் கொடுத்தாங்களா'ங்கற.

– சொன்னேன்.

– அவங்க சிரிச்சாங்கப்பா. சிரிச்சு மூச்சு போயிடுச்சு.

– சிரிச்சாளா? நான் திரும்பிப் பார்க்கலை. கையில மிளகாய்.

– நல்லாச் சிரிச்சாங்க. நான் 'கெட்டது'ன்னு குறிச்சேன்.

– எரிச்சலா இருக்கும் மேடம் எனக்கு. நான் வேலை செய்யறப்பதான் சமையலறைக்கு வந்து பக்கத்துல உட்காருவா. வாயில விரல் வெச்சுக் காட்டுவா, பேசாதேன்னு. சமையலறையில பதிவு பண்ணச் சொல்லி நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்.

– நாங்களா? நாங்க தலைப்பாடா அடிச்சுக்கிட்டோம், தனி அறையில பண்ணுங்கன்னு. முதல் ஆறு மாசம் அவ்வளவு சுத்தம், ஒரு தும்மல்கூட இல்ல. செப்டம்பர் மூணுலேர்ந்து ஒவ்வொரு நாளும் கெட்டது. கடைசி நாள் வரைக்கும்.

– செப்டம்பர் மூணு அன்னைக்கு என்ன?

– இரு, ரத்தப் பக்கத்துல பார்க்கறேன்… அன்னைக்குக் காலையில ரத்த முடிவு வந்திருக்கு. இனிமே மருந்து கேட்காதுன்னு டாக்டர் அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். அவங்க கையெழுத்து இருக்கு.

– என்கிட்ட, தேறிட்டு வர்றேன், டாக்டருக்கே சந்தோஷம்னு சொன்னா.

– …தெரியாதாப்பா உனக்கு?

– தெரியாது.

– நான் அஞ்சு தடவை ஆள் வெச்சு அவங்களைக் கூப்பிடச் சொன்னேன். இப்படியே கெட்டுக்கிட்டுப் போனா ஆய்வுலேர்ந்து நீக்கிடுவாங்க, வேற அறைக்குப் போங்கன்னு. அஞ்சு தடவையும் ஒரே பதில். இந்தா, அவங்க சொன்னபடியே எழுதியிருக்கு: 'எங்க வீட்ல இருக்கறது ஒரே அறை. அவர் இருக்கற அறை.'

– மேடம்.

– சொல்லுப்பா.

– எங்க வீட்ல மூணு அறை.